சிறுநீரகப் புற்றுநோய்: ஆபரேஷனுக்குப் பின் என்ன ஆகும் என்று ரத்தம் சொல்லுமா?

சிறுநீரகத்தில் கட்டி இருப்பது பெரும்பாலானவர்களுக்கு வேறு எதற்கோ போன இடத்தில்தான் தெரியவருகிறது. பித்தப்பையில் கல்லா என்று பார்க்க எடுத்த அல்ட்ராசவுண்ட், மாஸ்டர் ஹெல்த் செக்கப், முதுகுவலிக்கு எடுத்த ஸ்கேன் என்று ஏதோ ஒன்றில் மாட்டும். இன்று கண்டுபிடிக்கப்படும் சிறுநீரகப் புற்றுநோய்களில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். சிறுநீரில் ரத்தம், விலாப்புற வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி என்று பழைய பாடப்புத்தகங்கள் சொன்ன மூன்று அடையாளங்களும் ஒருசேர வந்தால், நோய் ஏற்கெனவே முற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

கட்டி என்று தெரிந்துவிட்டால் அடுத்தது மளமளவென்று நடக்கும். வழக்கமான கீமோதெரபிக்கு இந்தப் புற்றுநோய் மசியாது. எனவே கத்திதான் முதல் வைத்தியம். சிறிய கட்டி என்றால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுப்பார்கள். பெரிது என்றால் சிறுநீரகத்தையே எடுத்துவிடுவார்கள். சில நாட்களில் டிஸ்சார்ஜ். தையல் பிரிக்கப் போகும் நாளில் வீட்டார் கேட்கும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “எல்லாத்தையும் எடுத்தாச்சுல்ல டாக்டர்? இனிமே வராதுல்ல?”

சிறுநீரகத்தைத் தாண்டிப் பரவாத நிலையில், கட்டியை முழுசாக எடுத்தவர்களிலும் சுமார் 20 முதல் 40 சதவீதம் பேருக்கு நோய் பின்னால் திரும்புகிறது. பெரும்பாலும் நுரையீரலில், எலும்பிலும் கல்லீரலிலும் மூளையிலும்கூட. திரும்புகிறவர்களில் பலருக்கு முதல் மூன்று ஆண்டுகளுக்குள் அது நடந்துவிடுகிறது. பத்து வருடம் சும்மா இருந்துவிட்டுத் தலைகாட்டிய நோயையும் மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. 2022-இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 4.34 லட்சம் பேருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, இறந்தவர்கள் 1.56 லட்சம். ஆண்கள், பெண்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

யாருக்குத் திரும்பும்? புராஸ்டேட் புற்றுநோய்க்கு பிஎஸ்ஏ இருக்கிறது. சினைப்பைக்கு சிஏ-125, கல்லீரலுக்கு ஏஎஃப்பி. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த எண் ஏறினால் டாக்டர் உஷாராகிவிடலாம். சிறுநீரகப் புற்றுநோய்க்கு அப்படியொரு சொந்த எண் இன்றுவரை லேபுக்கு வரவில்லை. அது இல்லாத குறையில்தான் டாக்டர்கள் ஏற்கெனவே கையில் இருக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனைகளைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். மயக்க மருந்து கொடுக்கலாமா என்று பார்க்கவே எடுத்த பரிசோதனைகள் அவை. சில நூறு ரூபாய் சமாச்சாரம். அதில் இவ்வளவு விஷயம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு வகுத்தல் கணக்கு

எந்த லேபில் எடுத்தாலும் சிபிசி என்ற ரத்த அணுப் பரிசோதனை ரிப்போர்ட்டின் அமைப்பு ஒன்றுதான். இடப்பக்கம் பரிசோதனையின் பெயர், நடுவில் உங்கள் எண், வலப்பக்கம் இயல்பு அளவு. எல்லை தாண்டினால் எண் தடித்த எழுத்தில் இருக்கும். நாம் எல்லோரும் தடித்த எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம்.

கொஞ்சம் கீழே வாருங்கள். வெள்ளை அணுக்களின் மொத்தக் கணக்குக்கு அடியில் ‘டிஃபரன்ஷியல் கவுன்ட்’ என்று ஐந்து வரி இருக்கும். அதில் முதல் இரண்டு நியூட்ரோஃபில், லிம்போசைட். ஒருவருக்கு நியூட்ரோஃபில் 72 சதவீதம், லிம்போசைட் 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பல லேப்களின் அட்டவணைப்படி இரண்டுமே எல்லையை ஒட்டித்தான் நிற்கும். பார்ப்பவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் 72-ஐ 18-ஆல் வகுத்தால் 4 வரும். நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஈவு பொதுவாக ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்கும்.

நியூட்ரோஃபில் என்பது அழற்சி வந்தால் முதலில் ஓடிவரும் அணு. லிம்போசைட்தான் புற்றுச் செல்லை அடையாளம் கண்டு அழிக்கும் வேலையைச் செய்வது. முதலாவது ஏறி இரண்டாவது இறங்கினால், உடம்பில் அழற்சி ஓங்கி எதிர்ப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். கட்டிகளுக்குள் வெள்ளை அணுக்கள் மொய்ப்பதை ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ 1863-லேயே கவனித்து, புற்றுக்கும் அழற்சிக்கும் உறவு இருக்க வேண்டும் என்றார். அவர் அன்று நுண்ணோக்கியில் பார்த்ததன் சாயல் இன்று நம் சிபிசி தாளில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் இந்த ஈவு அதிகமாக இருந்தவர்களுக்கு நோய் திரும்புவதும், ஆயுள் குறைவதும் கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

பிளேட்லெட்டும் அப்படித்தான். டெங்குவின் புண்ணியத்தில் பிளேட்லெட் குறைந்தால் ஆபத்து என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். சிறுநீரகப் புற்றுநோயில் கதை தலைகீழ். நாலரை லட்சத்தைத் தாண்டி ஏறி நிற்பதுதான் கெட்ட சகுனம்.

ஸ்டாஃபர் பார்த்த கல்லீரல்

1961-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மாரிஸ் ஸ்டாஃபர் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். சிறுநீரகத்தில் கட்டி உள்ள சிலருக்குக் கல்லீரல் பரிசோதனைகள் தாறுமாறாக இருந்தன. அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறியிருந்தது. ரத்தம் உறையும் நேரம் நீண்டிருந்தது. கல்லீரலுக்குப் பரவிவிட்டது போலிருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். தேடிப் பார்த்தால் கல்லீரலில் ஒரு புள்ளிகூட இல்லை. அதைவிட ஆச்சரியம், சிறுநீரகத்தை எடுத்ததும் கல்லீரல் எண்கள் தானாகச் சரியாகின. சரியாகாமல் இருந்தாலோ, சரியாகிவிட்டு மறுபடி ஏறினாலோ, நோய் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் என்ன ஆகும் என்பதை ரத்தம் சொல்லக்கூடும் என்பதற்கு இந்தப் புற்றுநோயில் கிடைத்த ஆரம்ப கால சாட்சி இது. இன்றும் அதை ஸ்டாஃபர் சிண்ட்ரோம் என்றே சொல்கிறார்கள்.

காரணம் புரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. பல சிறுநீரகக் கட்டிகள் இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய், உடம்பில் எங்கோ பெரிய காயம் என்ற செய்தியைத் தருகிறது. கல்லீரல் நம்பிவிடுகிறது. சி-ரியாக்டிவ் புரோட்டீன், அதாவது சிஆர்பி, உற்பத்தியை ஏற்றுகிறது. ஆல்புமின் தயாரிப்பைக் குறைக்கிறது. பிளேட்லெட்டைப் பெருக்கச் சொல்லும் ஹார்மோனைக் கூட்டுகிறது. ஹெப்சிடின் என்ற இன்னொன்றை அவிழ்த்துவிட, அது இரும்புச் சத்தை செல்களுக்குள்ளேயே பூட்டி வைக்கிறது, ஹீமோகுளோபின் இறங்குகிறது. இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ரத்தசோகைக்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். ரிப்போர்ட்டில் சம்பந்தமே இல்லாதவை போலத் தனித்தனி வரியில் நிற்கும் சிஆர்பி, ஈஎஸ்ஆர், ஆல்புமின், பிளேட்லெட், ஹீமோகுளோபின் ஆகிய ஐந்துக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரே கை இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மீதி ஆய்வுகளில் பாதி புரிந்த மாதிரி.

சில கட்டிகள் நேர்மாறாக நடந்துகொள்ளும். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் சிறுநீரகத்தின் சொந்தச் சரக்கு. கட்டியே அதைச் சுரந்தால் ஹீமோகுளோபின் அளவுக்கு மீறி ஏறும். சிறுநீரகப் புற்றுநோய்களில் நான்கில் மூன்று பங்கு ‘கிளியர் செல்’ வகை. அவற்றில் பெரும்பாலானவற்றில் விஎச்எல் என்ற மரபணு பழுதாகியிருக்கிறது. அது பழுதானால் செல்லுக்கு ஆக்சிஜன் நிறைய இருந்தும் மூச்சுத் திணறுவதுபோல நடந்துகொள்ளும்; ரத்தக்குழாய்களையும் எரித்ரோபாய்ட்டினையும் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த ஆக்சிஜன் கணக்கைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்க்ளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. சில கட்டிகள் சுரக்கும் வேறொரு புரதத்தால் கால்சியமும் ஏறும். அதுவும் நல்ல அறிகுறி அல்ல.

இந்தக் கூட்டத்தில் அதிகம் ஆராயப்பட்டவற்றில் சிஆர்பி ஒன்று. 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் இருவரும் கண்ட புரதம். கொரோனா காலத்துக்குப் பிறகு நம் வீடுகளிலும் பழகிய பெயர். அதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம்தான். உற்பத்தி நின்றால் சில நாட்களில் வடிந்துவிடும். ஜப்பானிய யூராலஜிஸ்டுகள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு நாள் எண்ணைப் பார்த்து முடிவு கட்டாமல், அது ஏறி இறங்கும் போக்கைப் பார்த்தார்கள். ஆபரேஷன் முடிந்ததும் சிஆர்பி எகிறும். வெட்டிய காயத்துக்கு உடம்பு காட்டும் இயல்பான பதில் அது. இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும். முன்பு உயர்ந்திருந்த சிஆர்பி ஆபரேஷனுக்குப் பின் சில வாரங்களில் இயல்புக்கு வந்தவர்கள் நன்றாக இருந்தார்கள். இறங்காமலேயே நின்றவர்களுக்கு நிலைமை மோசமாகியது. என் கணிப்பில், இதுவரை வந்த சாதாரணக் குறியீடுகளில் இந்த முன்-பின் ஒப்பீட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். ஒற்றை எண் ஒரு நாளின் செய்தி; இரண்டு எண்கள் சேர்ந்தால் கட்டியோடு அழற்சியும் போய்விட்டதா என்பதற்குப் பதில் கிடைக்கிறது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் சிஆர்பியையும் ஆல்புமினையும் சேர்த்து ஒரு மதிப்பெண் முறை செய்தார்கள். சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் ஒரு புள்ளி, அதோடு ஆல்புமினும் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே போனால் இரண்டு புள்ளி. அவ்வளவுதான். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து டாக்டர்கள் 698 நோயாளிகளின் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து, கல்லீரல் என்சைம்களான ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டின் விகிதத்தைக் கணக்கிட்டு 2015-இல் வெளியிட்டார்கள். விகிதம் 1.26-க்கு மேல் போனவர்களுக்கு விளைவு மோசமாக இருந்தது.

இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. உண்மையைச் சொன்னால், கம்ப்யூட்டரில் பழைய ரிப்போர்ட்டுகள் இருக்கும் எந்த ஆஸ்பத்திரியும் ஒரு விகிதத்தைக் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதிவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது. ஒருவர் வைக்கும் எல்லைக்கோடு 2.5, இன்னொருவருக்கு 4. பெரும்பாலும் பழைய பதிவுகளை வைத்துப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வுகள். பலிக்காத விகிதங்கள் அச்சுக்கு வருவதும் குறைவு.

பரவிய நோயில் எடுபட்டது

ரத்தக் குறியீடுகள் ஆய்விலிருந்து ஆஸ்பத்திரி வார்டுக்குள் உண்மையிலேயே நுழைந்தது பரவிய நோயில்தான். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் ராபர்ட் மோட்சர் 1999-இல் 670 நோயாளிகளை வைத்து ஐந்து அம்சங்களைத் தேர்ந்தெடுத்தார். அவற்றில் மூன்று ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், கால்சியம், எல்டிஎச். 2009-இல் டேனியல் ஹெங் குழு கொண்டுவந்த ஆறு அம்சங்களில் நான்கு ரத்தம்: ஹீமோகுளோபின் குறைவு, கால்சியம் அதிகம், நியூட்ரோஃபில் அதிகம், பிளேட்லெட் அதிகம். மீதி இரண்டு, நோயாளி நடமாடும் நிலையும், நோய் கண்டதிலிருந்து மருந்து தொடங்கும்வரை கழிந்த காலமும். ஆறில் ஒன்றுமே இல்லாதவர், ஒன்றோ இரண்டோ உள்ளவர், மூன்றோ அதற்கு மேலோ உள்ளவர் என்று மூன்று பிரிவு. 2013-இல் வெளியான மறுபரிசோதனையில் இந்த மூன்று பிரிவினரின் இடைநிலை ஆயுள் முறையே 43.2, 22.5, 7.8 மாதங்கள். இன்றைய மருந்துகளால் இந்த எண்கள் மேம்பட்டுவிட்டன. பிரிவுகள் மட்டும் அப்படியே புழக்கத்தில் இருக்கின்றன.

ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்ற கேள்வியிலும் இந்த எண்கள் வந்து நிற்கின்றன. பிரான்ஸ் தலைமையில் நடந்து 2018-இல் முடிவு வெளியான கார்மெனா ஆய்வில், நோய் பரவியிருந்த 450 பேர். எல்லோரும் மோட்சர் கணக்கில் நடுத்தர, மோசமான பிரிவுகள். சிறுநீரகத்தை எடுத்துவிட்டு சுனிட்டினிப் மாத்திரை கொடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 13.9 மாதம். எடுக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தவர்களுக்கு 18.4 மாதம். அதுவரை கட்டியை எடுத்தால்தான் ஆச்சு என்றிருந்த பழக்கம் அதோடு ஆட்டம் கண்டது.

பரவாத நோயிலோ, பயாப்சி ரிப்போர்ட்டுக்குத்தான் இன்னும் முதல் மரியாதை. கட்டியின் நிலை, அளவு, செல்களின் கிரேடு, கட்டிக்குள் செத்த திசு இருக்கிறதா என்ற நான்கையும் கூட்டி மேயோ கிளினிக் 2002-இல் செய்த மதிப்பெண் முறை இன்றும் புழங்குகிறது. அதில் ரத்தப் பரிசோதனை ஒன்றுகூடக் கிடையாது. பரவாத நோயில் மூலக்கூறுக் குறியீடுகளை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்பதே ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல்.

நம் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். ஆண்களில் நான்கில் ஒருவருக்கு. கிளாஸ்கோவில் ஹீமோகுளோபின் 10 என்றால் டாக்டர் கட்டியைச் சந்தேகிக்கலாம். இங்கே அது மாதவிடாயாக, கொக்கிப்புழுவாக, சத்துக்குறைவாக இருக்கலாம். காசநோய் ஈஎஸ்ஆரை ஏற்றும். சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண் சிஆர்பியை ஏற்றும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரை நியூட்ரோஃபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்கும். ஈவு தானாக ஐந்தைத் தொடும். அழற்சிக் குறியீடுகள் எல்லாமே தூரத்துப் புகை மாதிரி. புகை தெரிகிறது, அது அடுப்பா, பற்றி எரியும் கூரையா என்று கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

கிம்-1

கட்டியே நேரடியாக ரத்தத்தில் விடும் பொருள் ஒன்று வேண்டும் என்ற தேடலில் இப்போது முன்னால் நிற்பது கிம்-1. சிறுநீரகக் குழாய்களின் செல்கள் அடிபட்டால் மேற்பரப்பில் தோன்றும் புரதம் இது. 1998-இல் அடையாளம் காணப்பட்டது. கிளியர் செல் கட்டி பிறப்பது அதே குழாய்ச் செல்களிலிருந்துதான். அதனால் கட்டியும் அதைச் சுரந்து ரத்தத்தில் உதிர்க்கிறது. ஐரோப்பாவில் லட்சக்கணக்கானோரின் ரத்தத்தைச் சேமித்து வைத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த எபிக் ஆய்வின் மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே சிலருக்குக் கிம்-1 உயர்ந்திருந்தது தெரிந்தது. 2018-இல் வெளியான முடிவு இது.

அதன் பிறகு ஆபரேஷன் முடிந்தவர்கள் பக்கம் வந்தார்கள். அஷ்யூர் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் சிறுநீரகம் எடுத்தபின் சேகரித்த 418 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த கட்டி எல்லாம் எடுத்தாகிவிட்டது, ஸ்கேனில் ஒன்றுமில்லை. இருந்தும் கிம்-1 அதிகம் இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பும் இறப்பும் கூடுதலாக இருந்தன. ஸ்கேனுக்கு அகப்படாத மிச்சத்தை ரத்தம் காட்டிக்கொடுக்கிறது என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

இது ஏன் இப்போது அவசரமாகிவிட்டது என்றால், மருந்து வந்துவிட்டது. கீநோட்-564 என்ற ஆய்வில், நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்று கருதப்பட்ட 994 பேருக்கு ஆபரேஷனுக்குப் பின் ஓராண்டு பெம்ப்ரோலிசுமாப் ஊசியோ வெற்று ஊசியோ போடப்பட்டது. நான்காம் ஆண்டு முடிவில் மருந்து போட்டவர்களில் 91.2 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். போடாதவர்களில் 86 சதவீதம். இந்தப் புற்றுநோயில் ஆபரேஷனுக்குப் பின் கொடுத்த மருந்து ஒன்று ஆயுளைக் கூட்டியது என்று ஆய்வில் நிரூபணமானது இதுவே முதல் முறை. முடிவு வெளியானது 2024-இல்.

எண்ணை இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். நூறு பேரில் 86 பேர் மருந்தே இல்லாமல் நான்கு ஆண்டு வாழ்ந்திருப்பார்கள். கூடுதலாகப் பிழைத்தவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேர் யார் என்று தெரியாததால் நூறு பேருக்கும் போடுகிறோம். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான பக்கவிளைவு. சிலருக்குத் தைராய்டோ அட்ரினல் சுரப்பியோ பழுதாகி ஆயுள் முழுக்க மாத்திரை. இந்தியாவில் ஓராண்டுக்கான செலவு பல குடும்பங்களுக்கு வீட்டை விற்றாலும் எட்டாது. யாருக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தால், அதுவே ஒரு வைத்தியம்.

இதே ரக மருந்தான அட்டிசோலிசுமாப்பை ஆராய்ந்த ஐமோஷன்-010 ஆய்வு, 778 பேரிடம் மொத்தத்தில் தோற்றது. ஆனால் அதே நோயாளிகளின் கிம்-1 அளவைப் பிரித்துப் பார்த்து 2024-இல் அறிவித்த முடிவு வேறு கதை சொன்னது. கிம்-1 அதிகம் இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து மற்றவர்களைவிட ஒன்றே முக்கால் மடங்கு. மருந்தால் பலன் தெரிந்ததும் அந்தப் பிரிவினருக்குத்தான். குறைவாக இருந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. தோற்ற ஆய்வைப் பிறகு பிரித்துப் பார்த்துக் கிடைத்த முடிவு என்பதால், இதை வைத்து மட்டும் இன்று ஒருவருக்கு மருந்தை மறுக்கவோ கொடுக்கவோ கூடாது. கிம்-1-ஐ முன்கூட்டியே அளந்து, அதன்படி நோயாளிகளைப் பிரித்து நடத்தும் ஆய்வுதான் தீர்ப்புச் சொல்லும். சிறுநீரகத்துக்கு வேறு சேதம் இருந்தாலும் கிம்-1 ஏறும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏவைத் தேடும் பரிசோதனை குடல் புற்றுநோயில் பெயர் வாங்கியிருக்கிறது. சிறுநீரகக் கட்டிகள் டிஎன்ஏவை மிகக் குறைவாகவே உதிர்ப்பதால் இங்கே அது அவ்வளவாக எடுபடவில்லை.

புற்றுநோய்ப் பேச்சில் அடிபட்டுப்போகும் ஓர் எண்ணையும் சொல்ல வேண்டும்: கிரியேட்டினின். ஒரு சிறுநீரகம் போனபின் மிச்சமிருக்கும் ஒன்று எவ்வளவு தாங்குகிறது என்பதும் ஆபரேஷனின் விளைவுதான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் அதைப் புற்றுநோயைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டிய கட்டம் வரலாம். வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவதை அன்றே நிறுத்த வேண்டும்.

நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது சிலவே. ஆபரேஷனுக்கு முன் எடுத்த சிபிசி, கல்லீரல், கால்சியம், கிரியேட்டினின் ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒப்பிட அவைதான் வேண்டும். முன்பு சிஆர்பி எடுத்திருந்து அது உயர்ந்திருந்தால், ஆபரேஷனுக்குப் பின் எப்போது மறுபடி பார்க்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் கட்டியின் வகை, நிலை, கிரேடு, செத்த திசு இருக்கிறதா என்ற விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லேப்கள் விற்கும் ‘டியூமர் மார்க்கர் பேக்கேஜ்’ இந்தப் புற்றுநோய்க்கு வீண் செலவு. வீட்டில் கால்குலேட்டரை எடுத்து நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால் வகுத்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்; சாதாரண ஜலதோஷம்கூட அந்த எண்ணை மாற்றும். ரத்தப் பரிசோதனை எவ்வளவு நன்றாக இருந்தாலும், டாக்டர் குறித்துக் கொடுத்த ஸ்கேன் தேதியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.